சொந்தத் திசுவால் மார்பகச் சீரமைப்பு: என் அனுபவம்

இடது மார்பகத்தை நீக்கி, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் சீரமைப்பைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பு வந்தது. “இந்த வயதில் இது தேவையா?” என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் வார்ப்பு சென்னை வெயிலில் வியர்த்து நழுவுவதையும், குனியும்போதெல்லாம் கை தானாகப் புடவைத் தலைப்பைத் தேடுவதையும் அவர்களுக்கு எப்படி விளக்குவது?

கதிர்வீச்சு பட்ட தோலுக்கடியில் சிலிக்கான் வைத்தால் அதைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிக் கெட்டிப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பகம் அமைக்கும் ‘டீப்’ முறையைப் பிளாஸ்டிக் சர்ஜன் பரிந்துரைத்தார். 1980களில் பரவிய ‘டிராம்’ முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போகும். பின்னாளில் குடலிறக்கம் வரலாம். ‘டீப்’ முறையில் தசையை விட்டுவிட்டு, அதன் ஊடே வரும் மெல்லிய ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். எனக்குச் சிசேரியன் தழும்பு உண்டு. அது தடையாகுமோ என்று பயந்தேன். அந்தக் குழாய்கள் நன்றாகவே இருக்கின்றன என்று சி.டி. ஆஞ்சியோகிராமில் தெரிந்தது. ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் என்பதால், புற்றுநோய் திரும்பாமலிருக்க நான் சாப்பிட்டுவந்த டமாக்சிஃபென் மாத்திரையைப் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலுடன் சில வாரங்கள் முன்பே நிறுத்தினார்கள்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் இதை ‘அழகுச் சிகிச்சை’ என்று தள்ளிவிட்டது. புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கில் அடங்காது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருந்த வரியைக் காட்டி எழுதிய பின்னரே ஒப்புதல் வந்தது. பாலிசியைப் படிப்பவர் யார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அறுவை ஒரு முழுப் பகல் நடந்தது. விலா எலும்பின் குருத்தெலும்பைச் சிறிது நீக்கி, அதனடியில் ஓடும் ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள தமனியோடும் சிரையோடும் வயிற்றுத் திசுவின் ரத்தக்குழாய்களைச் சேர்த்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் நுண்ணோக்கியின் கீழ் தையல் போடுகிறார்கள். அந்த இணைப்பு அடைபட்டால் திசு பிழைக்காது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி நேர்வதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே முதல் இரவு முழுவதும் சிஸ்டர் மணிக்கொரு முறை வந்து, தொட்டுச் சூடு பார்த்து, விரலால் அழுத்தி நிறம் திரும்பும் வேகத்தைக் கவனித்து, டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசை கேட்டார். வெளுத்தால் தமனியில் கோளாறு, ஊதா பாய்ந்தால் சிரையில் கோளாறு; எதுவானாலும் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். அந்த ‘உஷ் உஷ்’ ஓசை கேட்காமல் நானும் தூங்கவில்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று அறையை வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். காபியும் கிடையாது, எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

மார்பைவிட வயிறுதான் என்னைப் படுத்தியது. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தையல் இருந்ததால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. குனிந்தபடியே நடந்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்தேன். காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய்களோடு குளிப்பதற்கு அக்காவின் உதவி வேண்டியிருந்தது. பாவாடை நாடா தழும்பின் மேலேயே வந்து உட்காரும் என்பதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை, வெகுநாள் நைட்டிதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவோ தரையில் குந்தவோ ஆறு வாரங்கள் கூடாது என்றார்கள்.

புதிய மார்பகம் மென்மையாகவும் உடம்பின் சூட்டோடும் இருக்கிறது; உடல் எடை ஏறினால் அதுவும் சற்றுப் பெருக்கிறது. தொட்டால் மட்டும் தெரிவதில்லை. ஓரங்களில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருக்கிறது, நடுவில் இல்லை. சுட்டாலும் உறைக்காது என்பதால் வெந்நீர்ப் பையை அங்கே வைக்கவே கூடாது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை.

காம்பு அமைக்கும் சிறிய அறுவையும், சுற்றிலும் பச்சை குத்தி நிறம் கொடுப்பதும் மீதமிருக்கின்றன. இன்னொரு முறை தியேட்டருக்குப் போக இப்போதைக்கு மனமில்லை. அவசரமில்லை என்று சர்ஜனும் சொல்லிவிட்டார். வலப் பக்கத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராமை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.