டாக்டர் டிரேயின் ‘2001’: பீட்களை வீட்டில் திரும்பக் கட்டிப் பார்க்கிறேன்

கொஞ்ச நாளாக வேலை முடிந்து வந்ததும் ஒரே ஆல்பத்தோடுதான் உட்காருகிறேன். அமெரிக்க ராப் பாடகரும் இசைத் தயாரிப்பாளருமான டாக்டர் டிரேயின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம், ‘2001’. பெயர் அப்படி இருந்தாலும் வெளிவந்தது 1999 நவம்பரில். முதல் ஆல்பமான ‘தி க்ரானிக்’ 1992 டிசம்பரில் வந்தது. அதில் கீச்சென்று இழுக்கும் சிந்தசைசரும் பழைய ஃபங்க் இசையின் நெரிசலும் இருக்கும். ஏழு வருடம் கழித்து வந்த இதில் பாதியைக் காணோம். பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேஸ், டிரம்ஸ். பல பாடல்களில் அவ்வளவுதான் கேட்கிறது. ஆனாலும் அறை அதிர்கிறது. எப்படி என்று கைவைத்துத் தெரிந்துகொள்ளத்தான் பீட்களை, அதாவது குரலுக்குப் பின்னால் ஓடும் இசையை, திரும்பக் கட்டும் இந்த வேலை. மூலப் பாடலிலிருந்து எதையும் வெட்டி ஒட்டுவதில்லை. எல்லாவற்றையும் கீபோர்டிலும், விரலால் தட்டும் டிரம் பேடிலும் வாசித்தே கட்டுகிறேன்.

முதலில் எடுத்தது ‘ஸ்டில் டி.ஆர்.இ.’. வரிகளை எழுதிக் கொடுத்தவர் ராப் பாடகர் ஜே-ஸீ. அந்தப் பியானோ, அதற்கு முன் ‘தி ரூட்ஸ்’ குழுவில் கீபோர்ட் வாசித்த ஸ்காட் ஸ்டார்ச்சின் கை. ஏ மைனர். வலது கையில் சி, இ, ஏ என்ற மூன்று சுரங்களையும் சேர்த்து 8 தட்டு. அடுத்து அடியில் உள்ள சி மட்டும் பி-க்கு இறங்குகிறது, 3 தட்டு. அப்புறம் மேலே உள்ள ஏ, ஜி-க்கு இறங்குகிறது, 5 தட்டு. நடுவில் இருக்கும் இ கடைசிவரை அசைவதே இல்லை. இரண்டு பாரில் (தாளச் சுற்றில்) பதினாறு தட்டு முடிந்தது, திரும்ப முதலிலிருந்து.

கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். அந்த 3–5 பிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. சோதிக்க வேண்டும் என்றே இரண்டாவது பாரை 4–4 ஆகச் சமமாகப் பிரித்து வாசித்தேன். உடனே பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி 3–5 வைத்தால், ஸ்னேர் டிரம் விழுந்த அடுத்த தட்டில் ஜி வருகிறது. தாளம் ஒரு பக்கம் இறங்க, சுரம் கொஞ்சம் தள்ளி இறங்குகிறது. தலை தானாக ஆடுவது அந்த இடத்தில்தான்.

வேகம் நிமிடத்துக்கு 93 தாள அடியை ஒட்டி வைத்திருக்கிறேன்; ஒரு அடிக்கு இரண்டு தட்டு. பதினாறு தட்டையும் ஒரே அழுத்தத்தில் வைத்தால் உயிரில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு அழுத்தம் கொடுத்தால் கிளப் பியானிஸ்ட் மாதிரி குழைகிறது, அதுவும் சரியில்லை. முதல் தட்டையும், சுரம் மாறும் இரண்டு இடங்களையும் மட்டும் லேசாக ஏற்றிவிட்டு மற்றதைச் சமமாக விட்டேன். அப்புறம் ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் வெட்டினேன். அடுத்த தட்டுக்கு முன் ஒரு சின்ன மௌனம் வேண்டும். அது இல்லாவிட்டால் கிக் டிரம் உள்ளே நுழைய இடமே இல்லை.

எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸில் உட்கார்ந்தபோது அந்த மௌனத்தின் மதிப்பு இன்னும் புரிந்தது. பியானோவின் தாழ்ந்த ஒலிகளை ஈக்யூவில் நன்றாகவே வெட்டினேன். தனியாகக் கேட்டால் மெலிந்த, ஏழைப் பியானோ. பேஸும் கிக்கும் சேர்ந்ததும் அதே பியானோ கூர்மையாக முன்னால் வந்து நிற்கிறது. அகாய் எம்பிசி3000 என்ற டிரம் மெஷினில் டிரம்ஸ் அடித்தவர் டிரே. அவருடைய கிக்கும் ஸ்னேரும் இவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு, அவற்றைச் சுற்றி எதுவும் குறுக்கே நிற்காததே பெரிய காரணம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இந்த ஆல்பத்துக்கு அதிகாரபூர்வமான இன்ஸ்ட்ருமென்டல் பதிப்பு இருப்பது பெரிய உதவி. குரல் இல்லாமல் என் மிக்ஸை அதனோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடிகிறது. என் ஸ்னேர் இன்னும் அந்தத் தடிமனுக்கு வரவில்லை. கைத்தட்டல் ஒலி ஒன்றை அதன்மேல் அடுக்கியதில் பாதி தூரம் வந்திருக்கிறது.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றி இந்த ஆல்பம் பேசும் விதம் எனக்கு அறவே பிடிக்காது. நடுவில் வரும் சில ஸ்கிட்களை (சின்ன நாடகத் துணுக்குகளை) நான் தாண்டித்தான் போகிறேன். ஆனால் கடைசிப் பாடலான ‘தி மெசேஜ்’, இறந்துபோன தம்பி டைரீக்கு டிரே அர்ப்பணித்தது. அத்தனை மிரட்டலுக்கும் பிறகு அதைக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் மனசு கனத்துவிடும். அதன் பீட்டை மட்டும் நான் தொடப் போவதில்லை.

‘தி நெக்ஸ்ட் எபிசோட்’ இப்போதுதான் ஆரம்பம். அதன் தொடக்கம் டேவிட் மெக்கலம் பெயரில் 1967-இல் வந்த ‘தி எட்ஜ்’ என்ற இசையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு (சாம்பிள்). அந்தப் பழைய பதிவின் கிட்டாரைக் கீபோர்டில் வாசித்தால் பிளாஸ்டிக் வாடைதான் வருகிறது. கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர் வரும் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வருவதற்குள் பேஸ் லைனையாவது முடித்து வைக்க வேண்டும். முதல் நான்கு பார் கையில் வந்துவிட்டது.