என் தந்தையார் யார் என்று சங்கத்துக்கு நிரூபித்த கதை

என் தந்தையார் பெயருக்கு முன்னால், சங்கத்தின் பங்குப் பதிவேட்டில் ‘கோ.’ என்றும் ஆதார் அட்டையில் ‘ஜி’ என்றும் இருந்த ஒரே ஒரு முன்னெழுத்து, சம்பாவுக்கு வாங்க வேண்டிய பயிர்க்கடனை வாரக்கணக்கில் இழுத்தடித்தது. இரண்டு எழுத்துகளும் என் தாத்தா கோவிந்தனைத்தான் குறிக்கின்றன என்பது எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எழுத்தருக்கும் தெரியும், என் தந்தையார் இறந்தபோது இடுகாடு வரை வந்தவர் அவர்.

வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் இ-சேவை மையத்தில் சிக்கலின்றி முடிந்துவிட்டன. அண்ணன் சென்னையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பட்டா என் பெயருக்கு வந்த பிறகு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து கடன் வாங்குவது ஒரு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு 2025 ஜூலை முதல் வாரத்தில் போய் நின்றேன்.

முதல் தவறு என்னுடையது. நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஜூன் கடைசியிலேயே வாங்கி வைத்திருந்தேன். அது 1434-ஆம் பசலிக்கானது; பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு. ஜூலை 1 அன்று 1435-ஆம் பசலி பிறந்துவிட்டது. எழுத்தர் அதை விரலால் தள்ளி, புதுப் பசலிக்கு வாங்கி வரச் சொன்னார். ஜூன் மாதத்தில் அடங்கல் வாங்குகிறவர்கள், கடன் மனுவை அந்த மாதத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால், பேசாமல் பத்து நாள் பொறுத்திருப்பது நல்லது.

புது அடங்கலோடு இரண்டாம் முறை போனபோதுதான் உண்மையான சிக்கல் வெளிவந்தது. எங்கள் நிலத்தின் புல எண்ணைக் கணினியில் தட்டியதும், என் தந்தையார் பெயரில் 2020 சம்பாவுக்கு வாங்கிய கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2021 ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கூட்டுறவுப் பயிர்க்கடன்களை, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய் அளவுக்குத் தள்ளுபடி செய்வதாக அவ்வாண்டு பிப்ரவரியில் அரசு சட்டப்பேரவையில் அறிவித்ததும், அதில் எங்கள் கடனும் அடங்கியதும் ஊரறிந்த செய்தி. பேரேட்டைக் கணினிக்கு மாற்றியவர்கள் கடனை ஏற்றியிருக்கிறார்கள், தள்ளுபடியை ஏற்ற மறந்திருக்கிறார்கள். “சான்றிதழ் கொடுத்திருப்போமே, அது இருந்தால் கொண்டு வாருங்கள்” என்றார் எழுத்தர், ஏதோ அவர்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போல.

அந்தச் சான்றிதழ் கிடைத்தது என் பாக்கியம். தந்தையாரின் ரெக்ஸின் பையில், நெல் கொள்முதல் ரசீதுகளுக்கும் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்கும் நடுவே, நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் சங்கத்தின் முத்திரை தெளிவாகவே இருந்தது. அதே பையில் அவருடைய பங்குச் சான்றும் அகப்பட்டது. தள்ளுபடிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்து இரண்டு நகல் போட்டு வைக்கவும். காகிதம் நம்மிடம் இல்லாவிட்டால் தள்ளுபடியான கடன்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாம் முறை முன்னெழுத்து குறுக்கே வந்தது. சங்கத்தின் புல எண் விவரத்திலிருந்து தந்தையார் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், அவருடைய பங்கைத் தீர்த்தாக வேண்டும். பங்குப் பதிவேட்டிலோ நியமனதாரராக என் பாட்டியின் பெயர் இருந்தது, பாட்டி போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே வாரிசுச் சான்றின்படிதான் தீர்க்க முடியும் என்றார்கள். ஆதாரை வைத்து எழுதிய அந்தச் சான்றில் ‘ஜி’, பதிவேட்டில் ‘கோ.’ நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாதுதான். எழுத்தர் கோபப்படவில்லை. “நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி, ஆடிட்டருக்குத் தெரியாதே” என்றார்.

நோட்டரியிடம் உறுதிமொழி ஆவணம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, முத்திரைத்தாள் வாங்கி எழுதிக் கொண்டுபோனேன். அது செல்லாது, இரண்டு பெயரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும் என்றார்கள். பணமும் போயிற்று, ஒரு நாளும் போயிற்று. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போகிற முதல் நாளே தேவையான ஆவணங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வற்புறுத்துங்கள். வாய்மொழியாகச் சொல்லும் பட்டியல் ஒவ்வொரு முறையும் ஒரு முழம் வளரும்.

அந்தச் சான்றும் வந்த பிறகு, உறுப்பினர் சேர்க்கைக்குச் செயலாட்சியரின் கையெழுத்து வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு அப்போது இல்லாததால், அதன் பொறுப்பைச் செயலாட்சியரே பார்த்தார். வேறு சங்கங்களையும் சேர்த்துப் பார்க்கும் அந்த அலுவலர் எப்போது வருவார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் திண்ணையில் காத்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த சங்கத்தின் நோக்கங்களைப் பொழுதுபோகாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். உறுப்பினர்களிடையே சிக்கனம், சுய உதவி, கூட்டுறவு ஆகியவற்றை வளர்ப்பது என்று தொடங்குகிறது அது. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் முகவுரையிலும் ஏறத்தாழ இவையேதான் இருக்கின்றன என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்து அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன். கந்துவட்டியில் மூழ்கிக்கொண்டிருந்த உழவனுக்கு எந்த வகை வங்கி பொருந்தும் என்று ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்’ என்பதே அதன் சாரம். ரைஃபைசன் ஜெர்மனியில் ஒரு சிற்றூர்த் தலைவராக இருந்தவர். ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மட்டும் சேர்ந்து சங்கம் அமைத்து, அதன் கடனுக்கு அத்தனை பேரும் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கிக்கொள்ளும் முறையை வகுத்தவர். 1904 சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு அந்த வரம்பற்ற பொறுப்பையே விதித்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் தொடங்கிய சங்கமே நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பக்கத்து வீட்டுக்காரன் கட்டாமல் போனால் தன் நிலத்துக்கே ஆபத்து என்பதால், மனுப் போட்டவன் யார், அவன் அப்பன் யார், நிலத்தில் என்ன விளையும் என்பதையெல்லாம் மற்றவர்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். அந்த அறிமுகம்தான் அன்று ஈடு. வரம்பற்ற பொறுப்பு எப்போதோ போய்விட்டது, அதோடு அறிமுகத்தின் மதிப்பும் போய்விட்டது. தெரிந்த முகத்தை நம்பி, இல்லாத நிலத்துக்கெல்லாம் கடன் கொடுத்த சங்கங்கள் உண்டு என்பதால் எழுத்தர் மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி குறைந்தது. மீதிப் பாதி அந்த உறுதிமொழி ஆவணத்துக்காக இன்னும் இருக்கிறது.

செயலாட்சியர் வந்தார், ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். தந்தையாரின் பங்குத் தொகை சில நூறு ரூபாய் என் பெயருக்கு மாறியது. மற்ற வங்கிகளின் நிலுவையின்மைச் சான்று, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் கணக்கு ஆகியவை தனிக்கதையாக நீளவில்லை.

கடனில் ஒரு பகுதியை உரமாகத்தான் எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் போன நாளில் டிஏபி இருப்பில் இல்லை. யூரியாவை மட்டும் ஏற்றிக்கொண்டு, மீதியை லோடு வந்ததும் தருவதாக ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டேன். தவணை நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அதற்குள் கட்டினால் 7 விழுக்காடு வட்டியை அரசே ஏற்கிறது, ஒரு நாள் தவறினாலும் வட்டி நம் தலையில்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, கடன் கைக்கு வருமுன் வாங்கிய ஜாமீன் கையெழுத்து. அடுத்த வயல்காரரான பெரியப்பா முறை உள்ளவர், நாற்றங்காலில் இருந்து சேற்றுக் காலோடு நேரே வந்தார். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார், எவ்வளவு தொகை என்று கேட்கவில்லை. பேனாவை எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம், “அடுத்த வாரம் என் கடனுக்கு நீ வரணும்டா, ஆதார் நகல் மூணு எடுத்து வை” என்றார்.