கோப்பியோடு கயாக்: பாசிர் ரிஸ் கடலில் இதுவரை

எங்கள் நாய் கோப்பி இப்போது கயாக் என்ற சிறிய துடுப்புப் படகில் முக்கால் மணி நேரம் வரை படுத்தபடியே வருகிறாள். கிளம்பும்போது கொஞ்சம் முனகுவாள். அப்புறம் என் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாள். பூங்காவில் பார்க்கிறவர்கள் எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

கோப்பி ஒரு சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். அப்படிப்பட்ட நாய்களைத் தத்துக் கொடுக்கும் அடோர் திட்டத்தின் வழியாக எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்தவள். 14 கிலோ எடை, நீண்ட கால், காக்கை பறந்தாலும் எழுந்து நிற்கிற சுபாவம். எங்களிடம் இருப்பது இருவர் உட்காரக்கூடிய காற்றடைத்த கயாக். மடித்தால் வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் என்ற காப்பறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நாயை ஏற்ற முடியாது என்பதால் தம்பியின் காரில்தான் போகிறோம். கார் இல்லாதவர்களுக்குச் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார் உண்டு. ஆனால் படகையும் சேர்த்து ஏற்றுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இருக்கவில்லை. மெக்ரிட்சி, பிடோக் நீர்த்தேக்கங்கள், 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு நன்னீராகிவிட்ட காலாங் பேசின், இவை எல்லாமே நாம் குடிக்கிற தண்ணீர். அங்கே நாயை இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் தெற்கே கப்பல்கள் போகிற பாதை. பாசிர் ரிஸ் பக்கம் எதிரே உபின் தீவு மறைத்துக்கொண்டு நிற்பதால் தண்ணீர் பெரும்பாலும் அடங்கி இருக்கும். பழக்குவதற்கு அதுதான் சரி.

படகை முதலில் தண்ணீரில் விடவே இல்லை. வீட்டுக் கூடத்தில் காற்றடித்துப் போட்டு, கோப்பியின் சாப்பாட்டுத் தட்டை அதற்குள் வைத்தோம். சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்க ஆரம்பித்த பிறகு தம்பி ஒரு பக்கத்தைக் காலால் மெதுவாக ஆட்டினான். அதற்கும் பழகிய பிறகுதான் துடுப்பை எடுத்தேன். படகின் ஆட்டத்தைவிடத் தலைக்கு மேலே வந்து போகும் அந்த நீளக் கம்புதான் அவளைப் பயமுறுத்தியது. நான் கூடத்தில் உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போட, ஒவ்வொரு வீச்சுக்கும் தம்பி ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தான். அம்மா சமையலறை வாசலில் நின்று, "ஏன்டா, அக்காவுக்குக் கோழி கிடையாதா?" என்று கேட்டார். இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தரையில் நிம்மதியாகப் படுக்காத நாய் தண்ணீரில் படுக்காது.

படகின் தரையில் பழைய யோகா பாய் ஒன்றை வெட்டிப் போட்டிருக்கிறேன். நகம் வழுக்கினால் நாய் பதறி எழும், எழுந்தால் படகு சாயும். பாய் இருந்தால் அந்தப் பதற்றம் வருவதில்லை. துடுப்பையும் 240 சென்டிமீட்டர் நீளத்துக்கு மாற்றினேன், முன்னால் நாய் இருக்கும்போது குட்டைத் துடுப்பு அவள் காதை உரசிக்கொண்டே போகும். வெயிலில் படகுக்குள் இருக்கும் காற்று விரியும் என்பதால் காலையில் கல்போல இறுக அடிப்பதில்லை.

லைஃப் ஜாக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதுகில் நல்ல கைப்பிடி இருக்க வேண்டும். கோப்பியை அந்தப் பிடியில் தூக்கிப் பார்த்து, வார் நழுவவில்லை என்று தெரிந்த பிறகே வாங்கினேன். கரையில் கயிறு கட்டாயம், படகில் ஏறியதும் அதைக் கழற்றிவிடுவேன். நாயைப் படகோடு சேர்த்துக் கட்டவே கூடாது. கவிழ்ந்தால் அந்தக் கயிறுதான் அவளைத் தண்ணீருக்கடியில் பிடித்து வைக்கும். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து ஒத்திகை பார்த்திருக்கிறோம். படகை நிமிர்த்தி, நான் பின்பக்கமாக ஏறி, பிறகு கைப்பிடியைப் பிடித்து அவளை உள்ளே இழுப்பது. தம்பி அதுவரை அவள் பக்கத்தில் நீந்துவான். இதைச் செய்து பார்க்காமல் ஆழத்துக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்னாலும், தண்ணீரைவிட நான் அதிகம் பயப்படுவது வெக்கைக்குத்தான். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்கு மூச்சிரைப்புதான் முக்கிய வழி. நாக்கின் ஈரம் ஆவியாகப் போனால்தான் சூடு இறங்கும். நம் ஊர்க் காற்றிலோ விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அதனால் காலைக் குளிர்ச்சியை நம்பி ஏமாறக் கூடாது. அதற்கு மேல் ஜாக்கெட் வேறு. அடிக்கடி அவள் வயிற்றையும் பாதங்களையும் நனைக்கிறேன், ஜாக்கெட்டையும் நனைக்கிறேன். நல்ல தண்ணீர் அவளுக்கென்றே தனிப் புட்டியில். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நிறையக் குடித்தால் உப்பே விஷமாகும். நாக்கு அகலமாகத் தொங்கினாலோ எச்சில் கெட்டியாகினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், கரைக்குத் திரும்பிவிடுவோம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களை இதற்குக் கூட்டி வராதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சியே சொல்கிறேன்.

சரி, அப்போது காலை ஏழு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் ஏறிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சுமாத்ராவில் இருந்து வரும் சூறைக்காற்று குறுக்கே நிற்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் அடிக்கும். மேற்கே கறுத்த மேகம் திரண்டால் கொஞ்ச நேரத்தில் காற்றும் இடியும் வந்துவிடும். மின்னல் எச்சரிக்கைக்காக மைஎன்வி செயலியைப் பார்க்காமல் படகுக்குக் காற்றே அடிப்பதில்லை. இதோடு கடல் ஏற்றமும் ஒத்து வர வேண்டும். வற்றிய நேரத்தில் பாசிர் ரிஸ்ஸில் சேறு வெகுதூரம் தெரியும். அதில் கிடக்கும் சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்கும். காலை நேரம், ஏறிய கடல், தெளிந்த வானம் மூன்றும் ஒன்றாக அமைகிற வாரயிறுதிகள் குறைவு. அமையாத நாளில் கரையோரம் நடந்துவிட்டு, பசியாறிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

தண்ணீரில் எதிர்பாராத சவால், மீன் பண்ணைகளில் இருக்கும் காவல் நாய்கள். கெலோங் என்ற அந்தக் கடல் பண்ணை மேடையிலிருந்து ஒன்று குரைத்தால் கோப்பி எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். இப்போது தூரமாகவே சுற்றிப் போகிறோம். "படு" என்றதும் படுக்கிறாள், ஆனால் காது அங்கேயேதான் இருக்கிறது. நீர்நாய்க் குடும்பம் தெரிந்தாலும் உடனே படகைத் திருப்புவேன். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள் நாயைச் சும்மா விடாது.

அம்மாவின் பூனை மீனுவையும் கூட்டிப் போகலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததில் இருந்து அம்மாவுக்கு அவளை ஊருக்கெல்லாம் காட்டும் ஆசை. கூடத்தில் கிடந்த படகில் மார்புப்பட்டியோடு அவளை உட்கார வைத்துப் பார்த்தோம். அசையாமல் இருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது அமைதியாகத் தோன்றும். ஆனால் காது பின்னால் மடிந்திருந்தது, கண் முழுக்கக் கருவிழி. பூனை பயந்தால் பல நேரம் அப்படித்தான் உறைந்து போகும். கூண்டில் பூட்டிக் கொண்டுபோனால் கவிழும்போது தப்ப வழியில்லை, திறந்து விட்டால் குதித்துவிடும். படகை விரும்புகிற பூனைகளும் உலகத்தில் இருக்கலாம், மீனு அந்த ரகம் இல்லை. அம்மாவிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

திரும்பியதும் பூங்காவின் குழாயில் கோப்பியை நன்றாக அலசி, விரல் இடுக்கையும் காதையும் துடைத்துக் காயவைக்கிறேன். உப்பை அவளே நக்கி எடுக்க விடக் கூடாது.

அடுத்து பழக்க வேண்டியது கரை சேரும் நேரம். மணல் தெரிந்ததும் நான் சொல்லும் முன்பே குதிக்கப் பார்க்கிறாள். படகின் மூக்கு மணலைத் தொட்ட பிறகும் "இறங்கு" என்று கேட்கும் வரை இருக்க வேண்டும் என்று மறுபடியும் கூடத்தில், கோழித் துண்டோடு ஆரம்பித்திருக்கிறோம்.