மெருகில் அழிந்த அணில்

நான் வாங்கிய முதல் தங்கக் கைக்கடிகாரத்தைக் கெடுத்தவன் நானேதான். 14 காரட் பொன்னில் செய்த அந்தச் சுவிஸ் கடிகாரத்தில், வார் மாட்டும் காதின் பின்புறம் கடுகளவில் ஓர் அணில் பொறிக்கப்பட்டிருந்தது. மேலிருந்த கீறல்கள் கண்ணை உறுத்தியதால், வேலூரில் எனக்குப் பழக்கமான ஒரு நகைப் பட்டறையில் மெருகு போடக் கொடுத்தேன். மறுநாள் பளபளவென்று திரும்பி வந்தபோது, காதுகளின் கூரிய விளிம்புகள் பாதி கரைந்த சோப்பைப் போல் மழுங்கியிருந்தன; அணிலைக் காணவில்லை. பத்தர்மீது குற்றமில்லை. எந்த நகைக்கும் செய்வதைத்தான் அவர் செய்தார். எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த அணில் வெறும் அலங்காரமன்று. சுவிட்சர்லாந்தில் 1995 வரை 14 காரட் கடிகாரக் கூடுகளுக்கு அணிலும், 18 காரட் கூடுகளுக்கு ஹெல்வெஷியா என்னும் பெண்ணின் தலையும் அரசு முத்திரையாக இடப்பட்டன. அதன் பிறகே செயின்ட் பெர்னார்டு நாயின் தலை பொது முத்திரையாக வந்தது. காதின் முத்திரை கூர்மையாக இருந்தால் கூடு அதிகம் தேய்க்கப்படவில்லை என்று பொருள். என் நல்ல நேரம், பின்மூடியின் உட்புறத்தில் இன்னோர் அணில் மெருகுச் சக்கரத்துக்கு எட்டாமல் பிழைத்திருந்தது.

நம் ஊரில் பொன் என்றால் சவரன் கணக்கு. 916 என்பதே கண்ணுக்குப் பழகிய எண். ஆயிரத்தில் 750 பங்கு பொன்னுள்ள 18 காரட்டையே குறைத்துப் பார்ப்பவர்களிடம் 585 பங்குள்ள 14 காரட்டைக் காட்டினால் என்ன ஆகும்? அந்தப் பத்தர் கையில் வாங்கியதுமே, "ஏன் தம்பி, இது மொரார்ஜி காலத்துத் தங்கமா?" என்று சிரித்தார். 1963-இல் நிதியமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது என்று தடுத்ததை அவருடைய தலைமுறை இன்னும் மறக்கவில்லை.

எடைக்கு விலை பேசும் இந்தப் பார்வை நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ நிறுவனம் சாவி வேண்டாமல் மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் வகையின் முதல் கைக்கடிகாரமான ஆஸ்ட்ரானை, அதுவும் 18 காரட் பொன் கூட்டில், 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு வைத்தது. அடுத்த பத்தாண்டுகளில் சாவி கொடுக்கும் கடிகாரங்களின் மதிப்பு சரிந்தது. 1980 ஜனவரியில் பொன் விலை அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்டபோது, பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடுகளை உருக்கியவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். இன்று அவை அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர்கள் பெரும்பாலும் ரோலெக்ஸ் டே-டேட் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 1956 முதல் பொன்னிலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படும் அது என் கைக்கு எட்டாது. எனக்குக் கிடைத்தது, வாணியம்பாடியில் தோல் வணிகம் செய்த ஒரு குடும்பத்தின் பீரோவில் கிடந்த 18 காரட் ஒமேகா கான்ஸ்டலேஷன். 1952-இல் அறிமுகமான இந்த வரிசையின் பழைய மாதிரிகள் பலவற்றில் டயலின் ஓரம் 12 பட்டைகளாகச் சரிந்திறங்கும். பின்மூடியின் நடுவில் ஒரு வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருக்கும். மூடியைத் திறந்தால் 24 கற்கள் பதித்த 561 எண் பொறி செம்பொன் நிறத்தில், மணிக்கு 19,800 துடிப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தது. லூப் என்னும் உருப்பெருக்கியை வைத்து, டயலை மூடிய கண்ணாடியின் நட்டநடுவே ஊசிமுனையளவில் ஒமேகா குறி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தது டயலைத்தான். மறுபடி வண்ணம் பூசிய டயலில் எழுத்துகள் தடித்து, ஓரம் கலங்கி, வரிகள் கோணியிருக்கும். இதில் நான்கு மணிக்கு அருகே பழுப்புப் புள்ளிகள் இருந்தனவே தவிர, எழுத்துகள் மயிரிழை பிசகாமல் நின்றன. அந்தப் புள்ளிகளுக்காகவே அதை வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர், நகைக்கடையில் சொன்ன எடைவிலையிலிருந்து பேரத்தைத் தொடங்கினார். அதற்கு மேல் எவ்வளவு என்பதில் ஒரு மாலைப் பொழுதே கழிந்தது.

சித்திரை, வைகாசியில் அதை நான் கட்டுவதில்லை. வேலூர் வெயிலில் மணிக்கட்டில் ஊறும் வியர்வை, சாவித் திருகின் வழியே உள்ளே புகுந்தால் டயல் கறுத்துவிடும். அறுபது ஆண்டுப் பழைய கூட்டின் ரப்பர் வளையத்தை நம்ப முடியாது. வாரை மட்டும் புதிதாகத் தைக்கச் செய்தேன்: ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல், நம் வட ஆர்க்காட்டின் பழைய முறை. மார்கழிக் காலைகளில் கோட்டை அகழியோரம் நடக்கும்போது மட்டும் அது என் கையில் இருக்கும்.

சென்ற மாதம் பத்தர் அதைப் பார்க்க வேண்டுமென்றார். கடிகாரத்தோடு லூப்பையும் கொடுத்துவிட்டு, அருகில் கிடந்த மெருகுத் துணியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.