டட்சன் 1200: பழுது கிளட்சில் இல்லை, பிரேக் புஷ் ரொட் இடைவெளியில்

மூன்று வாரமாகக் கிளட்ச் மேல் பழி விழுந்திருந்த எங்கள் டிராக் ரேஸ் டட்சன் 1200 (பி110) கடைசியில், பிரேக் மிதியோடு இணைந்த புஷ் ரொட் கம்பிக்கு 1 மிமீ இடைவெளி விட்டதும் சரியாகிவிட்டது. ஏ12 எஞ்சின், நான்கு கியர், முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம், முன் பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் மின் வால்வான லைன் லொக். டயரைச் சூடாக்கப் பின் சக்கரத்தைச் சுழலவிடும் பர்ன்அவுட் முடிந்து, புறப்படும் கோட்டுக்கு வரும்போதே வண்டி கனக்கும். 402 மீட்டர் ஓட்டத்தில் பாதி தாண்டினால் மூன்றாம் கியரில் இழுவை செத்துப்போகும். ஆறவிட்டுக் கையால் தள்ளினால் லேசாக உருளும்.

கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. இங்கே இரண்டும் சேர்ந்து விழுந்தன. இதை முதலிலேயே கவனித்தால் கியர்பொக்ஸ் இறக்கும் வேலை மிச்சம்.

ஓடி முடித்து, பிரேக்கைத் தொடாமல் தானாக உருண்டு நிற்கவிட்டுச் சூடு பார்க்க வேண்டும். முன் டிஸ்க் இரண்டும் கொதித்தன, பின் ட்ரம்மில் கை வைக்க முடிந்தது. ஒரு சக்கரம் மட்டும் சூடென்றால் பேடை அழுத்தும் கலிப்பர் அல்லது அந்தப் பக்கத்து ஹோஸ். இரண்டும் ஒரே மாதிரி சூடென்றால் பழுது மேலே இருக்கிறது.

அடுத்து, இறுகிய நிலையிலேயே முன் பக்கத்தை ஜேக்கில் தூக்கி, மிதியின் தள்ளலை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தினோம். கீழே துணி அவசியம், பிரேக் ஒயில் பெயிண்டைத் தின்றுவிடும். சக்கரம் உடனே விடுபட்டது. இங்கே விடுபடாமல் லைன் லொக்கைத் தாண்டிய நட்டில் விடுபட்டால் சொலினொய்ட் வால்வு. கலிப்பரில் காற்று வெளியேற்றும் திருகான பிளீடரில் மட்டும் விடுபட்டால் உட்புறம் வீங்கிய ரப்பர் ஹோஸ். அதிலும் அசையாவிட்டால் துருப்பிடித்த கலிப்பர் பிஸ்டன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பிளீடரை முதலில் திறந்தால் மாஸ்டர், வால்வு, ஹோஸ் எதில் பழுதிருந்தாலும் அழுத்தம் போய்விடும், எதுவென்று தெரியாது.

ட்ரம் மாஸ்டரைப் போட்டு டிஸ்க்குக்கு மாற்றிய வண்டியென்றால் அவுட்லெட்டுக்குள் இருக்கும், லைனில் சிறு அழுத்தத்தை மிச்சம் வைக்கும் செக் வால்வையும் பார்க்க வேண்டும். ஆனால் அது சூடானாலும் ஆறினாலும் ஒரே அளவில் லேசாக உரசும். சூடேற ஏற இறுகினால் மாஸ்டருக்குள் இருக்கும் திரும்பு துளை மூடியிருக்கிறது என்று அர்த்தம். மிதியை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் அந்த ஊசித் துளை திறக்கும். வராவிட்டால், சூட்டில் விரியும் ஒயில் டாங்கிக்குத் திரும்ப வழியில்லாமல் பேடைத் தள்ளும். உரசல், சூடு, இன்னும் விரிவு என்று அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். முன், பின் பிரேக்குக்குத் தனித்தனி பிஸ்டன் உள்ள டேண்டம் மாஸ்டரில் மிதிப் பக்கத்துத் துளைதான் முதலில் மூடும், ஆகவே ஒரு சர்க்கிட் மட்டும் பிடிக்கலாம். இந்தக் காரில் அது முன் பக்கம்.

டாங்கி மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, இன்னொருவரை மிதியை மிக மெதுவாக, ஒரு விரல் பலத்தில் அழுத்தச் சொல்ல வேண்டும். துளை திறந்திருந்தால் முதல் அசைவிலேயே ஒயில் சிறு ஊற்றாகக் குமிழும். வேகமாக மிதித்தால் கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாஸ்டரில் ஒயில் அசையவே இல்லை.

காரணம் பிரேக் லைட் ஸ்விட்ச். இந்த வண்டியில் மிதி திரும்பி வந்து நிற்பதும் அதில்தான். ஸ்விட்ச் மாற்றியபோது இரண்டு சுற்று கூடுதலாக உள்ளே ஏறியிருந்தது, மிதி முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே முதலில் ஸ்விட்சைச் சரிசெய்து, பிறகுதான் லொக் நட்டைத் தளர்த்திப் புஷ் ரொட்டைத் திருக வேண்டும். பிஸ்டனுக்கும் ரொட்டுக்கும் இடையில் 1 மிமீ. மிதியின் நுனியில் அது ஏறத்தாழ 5 மிமீ வெற்றசைவாகத் தெரியும். லொக் நட்டை இறுக்கும்போது ரொட்டும் கூடவே சுற்றும், இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் அளவு போய்விடும். நான்கு முறை அளந்தோம், மூன்றாவது முறை மாறியிருந்தது.

மாஸ்டருக்கான ரப்பர் கிட் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். போகுமுன் மாஸ்டர் உடலில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள்: 11/16 அங்குலம் (17.46 மிமீ), 3/4 அங்குலம் (19.05 மிமீ) இரண்டும் பெட்டியில் ஒரே மாதிரி இருக்கும். பழைய ஸ்டொக்கில் ரப்பர் கல்லாகியிருக்கும், நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். ஒயில் டொட் 4, சின்ன போத்தல். கொழும்பு ஈரக்காற்றில் திறந்து வைத்த போத்தலை நம்பவே கூடாது: புதிதாக 230 பாகை செல்சியஸில் கொதிப்பது, ஈரம் குடித்தபின் 155 பாகைக்கு இறங்கிவிடும்.

பிரேக் பழுது தீர்ந்ததும், அதுவரை மறைந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது. கிளட்சை விடும் கணத்தில் பின்னால் ஒரு 'தொம்'. ஷாஃப்ட் ஜொயின்ட்டுகளில் ஆட்டமில்லை. அடியில் போன் கட்டி எடுத்த வீடியோவில் லீஃப் ஸ்பிரிங் முறுக்கேறி, டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எழுவது தெரிகிறது. எழும்போது ஜொயின்ட் கோணம் கூடி, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்கிறது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் வைக்க லேத் பாஸிடம் 2 பாகை இரும்பு ஆப்பு இரண்டு கேட்டிருக்கிறோம். அலுமினியம் வேண்டாம், நசுங்கி யூ போல்ட் தளர்ந்துவிடும். மூக்கை அந்த அளவு தாழ்த்திப் பார்த்துவிட்டு, அதிர்வு நின்றும் தொம் நிற்கவில்லையென்றால்தான் டிஃபரென்ஷியலைத் திறந்து பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளப்போம்.