11 மாத அக்ரிமெண்ட், 12 வருட நாய்

சென்னையில் வாடகை அக்ரிமெண்ட் 11 மாதத்துக்குப் போடுகிறோம். நாய் 12, 13 வருடம் இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர் குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நாயின் ஆயுளுக்குள் மூன்று, நான்கு முறையாவது வீடு மாற வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் நாயோடு சேர்த்துத்தான் வீடு தேடியாக வேண்டும். கழுத்துப்பட்டையோடு தெருவில் திரியும் லேப்ரடாரைப் பார்த்தால் மனசு பதறுகிறது. "புது வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை" என்று விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பதைவிட, அந்த ஜீவனுக்கு நடப்பது என்ன என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஹவுஸ் ஓனர்கள் நாய் வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: நாற்றம், கதவு சுவரில் கீறல், பக்கத்து வீட்டுப் புகார். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சிறுமியைக் கடித்த பிறகு, நாலாவதாகப் பயமும் சேர்ந்துகொண்டது. இவை நியாயமான கவலைகள்தான். ஒவ்வொன்றுக்கும் வேலை செய்யும் பதிலும் இருக்கிறது.

முதல் விதி, நாயை மறைத்து வீடு பிடிக்காதீர்கள். புரோக்கரிடம் பேசும் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். "அப்புறம் பேசிக்கலாம் சார்" என்பார். வேண்டாம், ஓனரிடம் கேட்டுவிட்டு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த பிறகு நாய் விஷயம் தெரிந்தால், பணமும் போகும், பேச்சும் கெடும். குடிபோன பிறகு தெரிந்தாலோ, அடுத்து ஒரு குழாய் ஒழுகினால்கூட நாய்தான் காரணமாகும்.

ஓனரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமத்தின் நகல், பழைய ஓனரிடமிருந்து "நாயால் சேதம் எதுவும் இல்லை" என்று இரண்டு வரி, இவை ஒரு கோப்பில் இருக்கட்டும். பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். தோலுக்கடியில் போடும் அந்தச் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். அது இருக்கும் இடத்தைக் காட்டாது, ஆனால் தொலைந்த நாய் யாருடையது என்று சொல்லும்.

சட்டத்தைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ, அதற்குத் தனிக் கட்டணம் என்றோ சொல்லவும் முடியாது. ஆனால் இது சங்கத்தைக் கட்டுப்படுத்தும் பேச்சு. ஒரு ஓனர் தன் வீட்டை நாய் வைத்திருப்பவருக்கு வாடகைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு ஓனரிடம் வாதாடப் போவதில் பயனில்லை. அதைச் சங்கச் செயலாளருக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஓனரிடம் வேண்டியது சம்மதம், அதுவும் எழுத்தில்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் ஆக வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது என்பதில் பொதுத் தொல்லையும் சொத்துச் சேதமும் அடங்கும், அது காலி செய்யச் சொல்வதற்கான காரணமாகலாம். ஆகவே "நாய் வைத்துக்கொள்ளலாம்" என்ற ஒற்றை வரி போதாது. இப்படி எழுதலாம்:

"வாடகைதாரர் ஒரு வளர்ப்பு நாயை இவ்வீட்டில் வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போடுவதும் மாநகராட்சி உரிமத்தைப் புதுப்பிப்பதும் வாடகைதாரரின் பொறுப்பு. நாயால் கதவு, சுவர், தரை, ஜன்னல் வலை ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் தம் செலவில் சரிசெய்து தருவார். தவறினால், பழுதுபார்த்த உண்மைச் செலவை மட்டும் ரசீதின்படி முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்."

கடைசி வரியில் உள்ள "உண்மைச் செலவை மட்டும் ரசீதின்படி" என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ஒரு கதவில் நாலு கீறலுக்கு வீடு முழுக்கப் பெயிண்ட் செலவைக் கழிப்பார்கள். 11 மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது இந்தப் பத்தி புது அக்ரிமெண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை அப்படியே தட்டச்சு செய்யும்போது விடுபட்டுப் போவது சகஜம்.

"வெஜிடேரியன்ஸ் ஒன்லி" வீடு என்றால் நாயின் சாப்பாட்டைப் பற்றியும் வாய்திறந்து பேசிவிட வேண்டும். கடையில் வாங்கும் உலர் தீவனம் பலவற்றில் கோழி இருக்கிறது. அடுப்பில் சமைக்காவிட்டால் சரி என்பவர்களும் உண்டு, அதுவும் கூடாது என்பவர்களும் உண்டு. ஒத்துவராது என்றால் அந்த வீடு வேண்டாம்.

வீடு பார்க்கும்போது கண் போக வேண்டிய இடங்கள் வேறு. மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு மே மாதத்தில் நாய்க்கு அடுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட போர்ஷன் வேண்டவே வேண்டாம். தரைத்தளம் நல்லது, நடைக்கும் எளிது, வெயிலும் குறைவு. ஆனால் மாடிப்படி வாசலை ஒட்டி இருந்தால் ஏறி இறங்கும் ஒவ்வொரு காலுக்கும் குரைக்கும். பால்கனிக் கம்பிகளுக்கும் கிரில் கேட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். அரை அங்குலக் கம்பி வலையை மூன்றடி உயரத்துக்கு வெட்டி, கேபிள் டையால் கட்டினால் போதும். ஆணி அடிக்க வேண்டாம், காலி செய்யும்போது வெட்டி எடுத்துவிடலாம்.

கதவுதான் அதிகம் அடி வாங்கும். தேக்குக் கதவில் பாலிஷ் போனால் அதைத் திருப்பிக் கொண்டுவரச் செலவு அதிகம். வாசல் கதவின் உட்புறம், கீழிருந்து மூன்றடிக்கு, 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைப் பொருத்துங்கள். பாலிஷ் மேல் நேரடியாக இரட்டைப் பக்க டேப் ஒட்டினால், பிரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். முதலில் பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் இரட்டைப் பக்க டேப்பை ஒட்ட வேண்டும். மாஸ்கிங் டேப்பும் நாள்பட்டால் பசையை விட்டுப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாக ஒட்டுங்கள். குடியேறுமுன் ஒவ்வொரு கதவு, மூலை, தரை விரிசலையும் தேதியோடு படமெடுத்து ஓனருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.

இனி மூத்திரம். இங்கேதான் பலரும் வீட்டையும் கெடுத்து, நாயின் பழக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள். தரையில் பட்டவுடன் மாப் போட்டுத் தேய்த்தால் அது டைல் இடுக்கெல்லாம் பரவும். பழைய பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள், இரண்டு தடவை. அதன் பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் (நொதி) திரவத்தை ஊற்றி 10, 15 நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருங்கள். அந்த நொதிகள்தான் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும், தெளித்தவுடன் துடைத்தால் அவற்றுக்கு நேரமே இல்லை. முதலிலேயே பினாயில் போட்டிருந்தால் நொதி சரியாக வேலை செய்யாது, அதனால் பினாயில் கடைசியில்தான். உண்மையில் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றுகிறது. நாய்க்கோ பினாயிலுக்கு அடியில் இருக்கும் வாடை தெரியும், அதே இடத்துக்குத் திரும்பி வரும். காலை நக்கும் பிராணி என்பதால், பினாயில் தரை நன்றாகக் காயும் வரை உள்ளே விடவும் கூடாது.

பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஆசிட் கல்லைத் தின்னும். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் துண்டுகளும் சிமெண்டும், கடப்பா கல்லோ சுண்ணாம்புக் கல் வகை. இரண்டிலும் ஆசிட்டோ வினிகரோ பட்டால் பளபளப்பு போய் வெள்ளைத் தழும்பு விழும், துடைத்தால் போகாது. "நாய் மூத்திரம் போய்த் தரை கெட்டுவிட்டது" என்று அட்வான்ஸில் கழிக்கப்படும் தழும்புகளில், துடைத்தவர் போட்ட ஆசிட்டால் வந்தவையும் உண்டு.

குட்டியால் எத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். மூன்று மாதக் குட்டிக்கு அதிகபட்சம் நாலு மணி நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோனால் வீட்டுக்குள் நனைப்பது வெகுவாகக் குறையும். வளர்ந்த ஆண் நாய் சுவர் மூலையில் காலைத் தூக்குவது அடையாளம் வைக்க. கருத்தடை செய்தால் பல நாய்களில் அது குறையும், எந்த வயதில் என்பதை மருத்துவர் இனத்தையும் எடையையும் பார்த்துச் சொல்வார். டிஸ்டெம்பர் அடித்த சுவர் ஈரத்தைக் குடிக்கும் என்பதால், அவன் தேர்ந்தெடுத்த மூலையில் இரண்டடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட்டைச் சாய்த்து வையுங்கள்.

உண்ணியைப் பற்றி ஓனர்கள் கேட்பதில்லை, ஆனால் வாடகை வீட்டில் நிஜமாகப் பயப்பட வேண்டியது அதற்குத்தான். சென்னையின் சூடும் ஈரமும் அதற்குச் சொர்க்கம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவரேறி, ஜன்னல் சட்டம், சுவிட்ச் பெட்டி, கதவு நிலை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் வீடு திரும்பத் திரும்ப அதற்கு உண்ணி கொடுக்கும். நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து உயிருக்கே ஆபத்து. நாய்க்கு எடைக்கு ஏற்ற மாத்திரையோ பிடரியில் விடும் மருந்தோ தவறாமல் கொடுங்கள். மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வகை மாத்திரைகள் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. இடுக்குகளை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள், ஓனரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். பிடுங்கிய உண்ணியை நசுக்காமல், சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். சுவருக்கு அடிக்கும் மருந்தை நாய்மேல் அடிக்கவே கூடாது. அடிக்கும் நாளில் நாயும் அதன் தட்டும் வெளியே இருக்கட்டும். குடிபோகும் வீட்டில் முன்பு நாய் இருந்தது என்று தெரிந்தால், சாமான் இறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். இரை இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிராணி அது.

குரைப்புக்கு முதல் வேலை, பழைய போனில் வீடியோ ஓடவிட்டு வெளியே போவது. நீங்கள் போன அரை மணிக்குள் ஊளையும் கதவுக் கீறலும் என்றால் அது பிரிவுப் பயம். நாள் முழுக்க விட்டுவிட்டுக் குரைத்தால் ஜன்னலும் படிச் சத்தமும் காரணம். இரண்டாவது எளிது: ஜன்னலின் கீழ்க் கண்ணாடிகளில் மங்கல் தாள் ஒட்டி, மின்விசிறியை ஓடவிட்டு, நாயை வாசலிலிருந்து தள்ளியிருக்கும் அறையில் வையுங்கள். பிரிவுப் பயத்துக்குப் பொறுமைதான் மருந்து. சாவியை எடுத்து, போகாமல் உட்காருங்கள். பிறகு 30 விநாடி வெளியே, பிறகு ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, பத்து. அலறத் தொடங்கும் எல்லைக்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும், எந்தப் படியில் அலறியதோ அதிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். புது வீட்டுக்குப் போன மறுநாளே ஒன்பது மணி நேரம் ஆபீசுக்குப் போனால் இது நடக்காது. இரண்டு நாள் லீவு எடுங்கள், அதற்கு மேல் பக்கத்தில் யாரையாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் கட்டிப் போடுவது தீர்வே இல்லை. வெயில், குரைப்பு, கீழ்வீட்டுப் புகார் எல்லாம் அங்கேயே தொடங்கும். நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பதும் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

பொது இடத்தில் பக்கத்து வீட்டாரின் மனசு கெடுவது பெரிய விஷயங்களால் அல்ல. விடிகாலையில் மாமி போட்ட கோலத்தின் மேல் நாய் காலைத் தூக்கினால் அந்தக் கோபம் வருடக்கணக்கில் நிற்கும். வாசலைத் தாண்டும் வரை கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நடந்துகொண்டே இருங்கள், நிற்க விடாதீர்கள். பார்க்கிங்கில் நிற்கும் பைக் டயரும் அப்படித்தான், ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருந்தால் உடனே ஊற்றிவிடலாம். மலத்துக்குப் பழைய செய்தித்தாள் துண்டு இரண்டு பையில் இருக்கட்டும். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காகப் பயப்படும் குழந்தையோடு ஏற வேண்டியதில்லை.

காலி செய்யும் மாதத்தில், ஓனர் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நாயின் மெத்தையை அகற்றி, என்சைம் திரவத்தால் தரையை ஒரு முறை முழுக்கத் துடைத்து, ஜன்னல்களை இரண்டு நாள் திறந்து வையுங்கள். அந்த வீட்டிலேயே இருப்பவருக்கு வாடை தெரியாது, நாய் வளர்க்காத நண்பர் ஒருவரை அழைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கீறலுக்கு மரத்தூள் பட்டியும் அதே நிறப் பாலிஷும் போதும். பெயிண்ட் பழசாகிப் போனது ஓனர் கணக்கு, நாய் கெடுத்தது உங்கள் கணக்கு. குடியேறிய நாளின் படங்கள் அப்போது கைகொடுக்கும்.

சாமான் ஏற்றும் நாளில் கதவு திறந்தே கிடக்கும், நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் அன்றுதான். காலையிலேயே நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் இறக்கி முடிந்த பிறகு அழைத்து வாருங்கள். அதன் மெத்தை விரிப்பைத் துவைக்காமல் அப்படியே புது வீட்டில் ஒரு மூலையில் போடுங்கள், பழைய வாடை இருந்தால் சீக்கிரம் படுக்கும். முதல் இரண்டு வாரம் கயிறில்லாமல் வாசலைத் தாண்ட விட வேண்டாம், அது ஓடினால் தேடிப் போவது பழைய தெருவை. கழுத்துப்பட்டையில் இப்போதைய போன் எண் இருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். உரிமத்திலும் மைக்ரோசிப் பதிவிலும் முகவரியை மாற்ற அந்த வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.