குடை நல்லாதான் இருக்கு, டிக்கெட் விலைய யாரு சொல்லுவா?

நேத்து டீ பிரேக்ல மறுபடியும் அதே சண்டை. மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் கிளப்போட ஸ்டேடியம் ஓல்ட் டிராஃபோர்ட விட்டுட்டு பக்கத்துல புதுசா ஸ்டேடியம் கட்டலாமா, இல்ல இருக்குறதையே சரி பண்ணி வச்சுக்கலாமா. நான் வேலை பாக்குற வேர்ஹவுஸ் டிராஃபோர்ட் பார்க்ல இருக்கு, ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிடலாம், அதனால எங்க கேன்டீன்ல இது டிவில பாத்துட்டு மறந்துடுற விஷயம் இல்ல, பூர்வீக வீட்ட இடிக்கிறதா வேணாமான்னு அண்ணன் தம்பி பேசிக்கிற மாதிரி பேசுவாங்க, குரல் ஏறும், கண்ணும் கலங்கும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 2025 மார்ச் 11ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் புது ஸ்டேடியத்தோட படத்த வெளியிட்டாங்க. 1 லட்சம் சீட்டு, செலவு சுமார் 200 கோடி பவுண்டு. டிசைன் நார்மன் ஃபாஸ்டரோட கம்பெனி, அவரே இந்த ஊருல லெவன்ஷூம் பக்கம் வளந்தவருதான். மூணு பெரிய கம்பம், 200 மீட்டர் உசரம், அதுல இருந்து ஸ்டேடியத்த மட்டும் இல்லாம வெளிய இருக்குற திடலையும் சேத்து மூடுற மாதிரி ஒரு பிரம்மாண்டமான குடை. மொத்தத்தையும் 160 பகுதியா வேற இடத்துல செஞ்சு மான்செஸ்டர் ஷிப் கனால் வழியா கொண்டு வந்து மாட்டுவாங்களாம், அப்படி பண்ணா 10 வருஷ வேலைய 5 வருஷத்துல முடிச்சிடலாம்னு ஃபாஸ்டர் சொன்னாரு.

அன்னைக்கு எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கொண்டாட்டம். நான் கன்னியாகுமரி கடற்கரைக்காரன், எங்க பக்கம் கிரிக்கெட்ட விட கால்பந்துதான் பெருசு, ஊர்ல பாதிப் பேரு யுனைடெட். "மக்கா, இது மட்டும் கட்டிட்டா ஒலகத்துலயே நம்மள அடிச்சிக்க ஆளு இல்ல"ன்னு ஒருத்தன் வாய்ஸ் நோட் போட்டான். அவன் சந்தோஷம் எனக்கு புரியுது, நானும் இங்க வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் இருந்தேன், டிவில பாக்கும்போது ஸ்டேடியம்னா ஒரு படம். ஆனா அந்த கேட்டுக்குள்ள காசு குடுத்து போறவங்களுக்கு அது வேற.

எங்க கேன்டீன்ல ஒரு பெரியவரு இருக்காரு, அறுபது தாண்டிட்டாரு, ஓல்ட் டிராஃபோர்ட்ல கோல் போஸ்டுக்கு பின்னாடி இருக்குற ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் ஸ்டாண்டுல சீசன் டிக்கெட். போன வாரம் ஒரு பழைய சீசன் டிக்கெட் புத்தகத்த கொண்டு வந்து காட்டுனாரு. இப்பல்லாம் எல்லாம் போன்லதான, அப்ப ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு கூப்பன கிழிச்சு கேட்ல குடுக்கணும். அது அவங்க அப்பாவோடது. ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தாரு, அந்த ரப்பர் பேண்டே காஞ்சு ஒட்டிப் போயி அட்டையில கோடு விழுந்திருக்கு. உள்ள ரெண்டே ரெண்டு கூப்பன் கிழிக்காம இருக்கு. அவங்க அப்பா கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்ப நடந்த மேட்சாம் அது ரெண்டும். மகன் தன்னோட கூப்பன மட்டும் கிழிச்சு குடுத்துட்டு தனியா போயி பாத்துட்டு, திரும்ப வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கோலையும் சொல்லியிருக்காரு. இவருகிட்ட போயி பழச இடிக்கணும்னு எப்படி சொல்லுவீங்க, எனக்கு வாய் வரல.

ஆனா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற இன்னொரு பையன் சொன்னான், முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், அவன் சொல்றதும் நியாயம். 2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் முடிஞ்சதும் கூரைல இருந்து அருவி மாதிரி தண்ணி கொட்டுன வீடியோ ஒலகம் பூரா போச்சு, 2006ல மூலைங்கள ஏத்திக் கட்டுனதுக்கு அப்புறம் பெருசா ஒரு வேலையும் நடக்கல, ரிப்பேர் மட்டும் பண்ணாலும் 150 கோடி பவுண்டு வரைக்கும் ஆகும், அவ்வளவு கொட்டியும் 87,000 பேருக்கு மேல உக்கார வைக்க முடியாது, அதுவும் பாபி சார்ல்டன் ஸ்டாண்ட் முதுகுக்கு பின்னாடியே ரயில் தண்டவாளம் ஓடுது, அந்தப் பக்கம் எப்படி ஏத்துவீங்கன்னு கேட்டான். பெரியவரு பதில் சொல்லல, கப்ப எடுத்துட்டு எந்திரிச்சு போயிட்டாரு. கிளப் நடத்துன சர்வேலயும் இப்படித்தான் ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க, பாதிக்கு கொஞ்சம் மேல புதுசுன்னு சொன்னாங்க, மூணுல ஒரு பங்கு கிட்ட பழசையே சரி பண்ணுங்கன்னாங்க, மிச்சப் பேருக்கு ஒரு முடிவுக்கும் வர முடியல.

நான் வீட்டுக்கு வந்து பழைய கதைய எல்லாம் தேடி படிச்சேன். இந்த கிளப்பே ஒரு தடவ இடம் மாறி வந்ததுதான். முன்னாடி கிளேட்டன்ல பேங்க் ஸ்ட்ரீட்னு ஒரு கிரவுண்டு, இன்னைக்கு நம்ம எதிரி கிளப் மான்செஸ்டர் சிட்டியோட எத்திஹாட் ஸ்டேடியம் இருக்குற பக்கம். அங்க இருந்து 1910 பிப்ரவரில ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தாங்க, மொத மேட்ச்ல லிவர்பூல்கிட்ட 4-3ன்னு தோத்தாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பேங்க் ஸ்ட்ரீட்ல மர ஸ்டாண்டு புயல்ல சாஞ்சிருக்கு, ஆளுங்க உள்ள இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பகீருங்குது. இன்னொன்னு, ஸ்டேடியம் டிசைன் பண்ண ஆர்ச்சிபால்ட் லீச் ஓல்ட் டிராஃபோர்டுக்கு மொதல்ல போட்ட பிளானே 1 லட்சம் பேருக்குத்தான், காசு எகிறிப் போச்சுன்னு 80,000க்கு குறைச்சாங்க. அதே 1 லட்சம், நூத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி வந்து நிக்குது!

அப்புறம் 1941 மார்ச் 11. ஜெர்மன் குண்டு விழுந்து ஸ்டேடியத்துல பெரும்பகுதி போச்சு. 1949 வரைக்கும் சிட்டியோட மெயின் ரோடு கிரவுண்ட வாடகைக்கு எடுத்து ஆடியிருக்காங்க, மெயின் ஸ்டாண்ட திரும்பக் கட்டி எழுப்பிதான் வீடு திரும்புனாங்க. புதுப் படம் வெளியான தேதிய மேல பாருங்க, அதே மார்ச் 11, சரியா 84 வருஷம். ஆக நாம இப்ப புனிதம்னு கும்பிடுற செங்கல்லுல பாதி ஏற்கனவே ஒரு தடவ மாத்துன செங்கல்லுதான். இத படிச்சப்புறம் எனக்கு புது ஸ்டேடியம் மேல இருந்த தயக்கம் நிறைய குறைஞ்சிடுச்சு. கட்டுங்க, கட்டத்தான் வேணும்.

என் பயம் கட்டடத்துல இல்ல, கணக்குல. 2005ல அமெரிக்காவோட கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்ப வாங்கி அந்தக் கடனையே கிளப் தலையில கட்டுனாங்க, அதுல வெறுத்துப் போயிதான் ஒரு கூட்டம் தனியா பிரிஞ்சு எஃப்சி யுனைடெட்னு சொந்தமா ஒரு கிளப்பே ஆரம்பிச்சாங்க. கடன் இன்னும் தீரல. இதுக்கு மேல 200 கோடி பவுண்டு எங்க இருந்து வரும், யாரு திருப்பிக் கட்டுவா? 2024 நவம்பர்ல சீசன் பாதில மெம்பர் டிக்கெட்ட 66 பவுண்டு ஆக்குனாங்க, சின்னப் பிள்ளைக்கும் பென்ஷன்காரருக்கும் அதே 66, ஒரு சலுகையும் கிடையாதுன்னாங்க. அப்புறம் டக்அவுட், அதாவது கோச்சும் மாத்து பிளேயரும் உக்காருற இடம், அது பக்கத்துல வருஷக்கணக்கா உக்காந்திருந்த சீசன் டிக்கெட்காரங்கள நகத்திட்டு அந்த சீட்ட ஹாஸ்பிடாலிட்டிக்கு, அதாவது சாப்பாட்டோட சேத்து விக்கிற காஸ்ட்லி சீட்டுக்கு, மாத்துனாங்க. இருக்குற ஸ்டேடியத்துலயே இப்படின்னா புதுசுல என்ன நடக்கும்? அந்த 66 பவுண்டு விலைல ஒரு அப்பா ரெண்டு பிள்ளைங்கள கூட்டிட்டு வந்தா 198 பவுண்டு ஆச்சு, அதுக்கு மேல டிராம் டிக்கெட்டு, சாப்பிட ஏதாவது, பிள்ளைங்க கேக்குற ஸ்கார்ஃப். எங்க வேர்ஹவுஸ் சம்பளத்துல இத வருஷத்துக்கு எத்தன தடவ பண்ண முடியும்?

லண்டன் கிளப் ஆர்சனல் பழைய கிரவுண்டு ஹைபரிய விட்டு 2006ல புது ஸ்டேடியம் எமிரேட்ஸ் போனப்ப கட்டுன காச அடைக்க எத்தன வருஷம் இறுக்கிப் பிடிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு நல்ல பிளேயரா வெளிய போனாங்க, 2012ல வான் பெர்சி நம்மகிட்டயே வந்தாரு, அவரு கோல்லதான் நாம 20வது லீக் பட்டம் வாங்குனோம். அந்தப் பக்கம் இப்ப நாம நிக்கப் போறோம். இன்னொரு லண்டன் கிளப் வெஸ்ட் ஹாம் இன்னும் மோசம், பழைய கிரவுண்டு அப்டன் பார்க்ல மூச்சுக் காத்து பிளேயர் மேல படுற தூரத்துல இருந்தவங்க, ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போயி ஓட்டப்பாதைக்கு அந்தப் பக்கம் உக்காந்தாங்க, 2018ல பர்ன்லி மேட்ச்ல ஆளுங்க கிரவுண்டுக்குள்ளயே எறங்கிட்டாங்க. 1 லட்சம் பேரு கத்துறாங்கன்னா அது கோல் போஸ்டுக்கு பின்னாடி ஒரே செங்குத்தா ஒரு ஸ்டாண்டுல இருந்து, நின்னு பாக்குற இடத்துல இருந்து, பழைய ஆளுங்க தொண்டைல இருந்து வரணும்.

மியூனிக் கடிகாரம், மியூனிக் டனல் ரெண்டும் எங்க போகும்னு கேக்குறவங்க நிறைய. 1958 பிப்ரவரி 6ல மியூனிக்ல டீம் போன விமானம் விபத்துல சிக்கி போன 23 உயிரோட நினைவு அது, அத கழட்டி கொண்டு போயி மரியாதையா வைக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கல. அதுக்கு குரல் குடுக்க ஊரே இருக்கு. டிக்கெட் விலைக்கு குரல் குடுக்கத்தான் ஆள் கம்மி.

இன்னைக்கு காலைல பெரியவருகிட்ட தனியா கேட்டேன், உண்மையிலயே உங்களுக்கு என்ன வேணும்னு. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு சொன்னாரு, என் வரிசைல நாலு பேரு இருக்கோம், ஒருத்தன் எலக்ட்ரீசியன், ஒருத்தன் டாக்ஸி ஓட்டுறான், ஒருத்தனுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, வெளிய நாங்க பாத்துக்கிட்டதே இல்ல, இருபது வருஷமா அந்த நாலு சீட்டுல மட்டும்தான் பழக்கம், புதுசுல எங்கள ஒண்ணா உக்கார வைப்பாங்களா, இப்ப குடுக்குற காசுக்கே வைப்பாங்களான்னு யாராவது கேட்டு சொல்லுங்கன்னாரு.

அடுத்த சர்வே வந்தா நான் குடைய பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். இவரு கேட்டத அப்படியே எழுதி அனுப்பப் போறேன். நீங்களும் இங்க மெம்பரா இருந்தா தயவு செஞ்சு இதையே எழுதுங்க.